வெளியே நிற்கும் ஏசி யூனிட்டில் காண்டாக்டர் கோளாறு: அறிகுறி வாரியாக

உள்ளே காற்று வருகிறது, குளிர்ச்சி இல்லை. ஹூஸ்டன் பக்கம் ஜூலை மாதச் சனிக்கிழமை சாயங்காலம் இப்படி ஆனால், ஏசி மெக்கானிக் யாராவது போனை எடுப்பதற்குள் வீட்டுக்குள் 88 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறிவிடும். எங்கள் வீட்டில் இது நடந்தபோது அம்மா ஊரிலிருந்து வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஹாலில் விசிறிக்கு நேர் கீழே பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு, "வெளியே அந்தப் பெட்டி சத்தமே போடலையேப்பா" என்றார். அவர் சொன்னதுதான் சரியான அறிகுறி. கொல்லையில் இருந்த யூனிட் வாயே திறக்கவில்லை. காரணம் உள்ளங்கையில் அடங்கும் ஒரு கறுப்புப் பெட்டி, காண்டாக்டர்.

அன்றிலிருந்து மூன்று முறை காண்டாக்டர் மாற்றிவிட்டேன், நண்பர்கள் வீட்டையும் சேர்த்து. அந்த அனுபவத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பழையது ஏன் போனது என்று பார்க்காமல் புதிதாக எவ்வளவு பெரியதைப் போட்டாலும் அதுவும் போகும். அதனால் இந்தக் குறிப்பில் முதலில் அறிகுறிகள், அப்புறம்தான் எதை வாங்குவது, எப்படி மாற்றுவது.

இது அமெரிக்க வீடுகளில் இருக்கும் சென்ட்ரல் ஏசி பற்றியது. உள்ளே அட்டிக்கிலோ (கூரைக்கு அடியில் உள்ள இடம்) அலமாரியிலோ குளிர்காற்றை ஊதும் ஏர் ஹேண்ட்லர், வெளியே கம்ப்ரஸரும் பெரிய விசிறியும் உள்ள கண்டென்ஸர் யூனிட். ஊரில் வீடுகளில் உள்ள ஒன்று, ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசியில் பொதுவாக இந்த வேலையை போர்டில் இருக்கும் ரிலேயே செய்துவிடும், அங்கே தனிக் காண்டாக்டரைத் தேட வேண்டாம். இங்கேயும் இன்வெர்ட்டர் வகை யூனிட் என்றால் பல மாடல்களில் காண்டாக்டர் இருக்காது.

காண்டாக்டர் செய்யும் வேலை

சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட் 24 வோல்ட்டில் வேலை செய்கிறது. கம்ப்ரஸருக்கோ 240 வோல்ட் வேண்டும். சின்ன மின்சாரத்தை வைத்துப் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடுகிற வாசல்தான் காண்டாக்டர். தெர்மோஸ்டாட் "குளிர் வேண்டும்" என்று ஒய் என்ற வயரில் 24 வோல்ட் அனுப்பியதும் காண்டாக்டரின் காயில் (கம்பிச்சுருள்) காந்தமாகிறது. நடுவில் இருக்கும் கட்டையைக் கீழே இழுக்கிறது. "டக்" என்று ஒரு சத்தம். மேலே எல்1, எல்2 என்று வரும் மின்சாரம் டி1, டி2 வழியாகக் கம்ப்ரஸருக்கும் விசிறிக்கும் போகிறது. 24 வோல்ட் நின்றால் ஸ்பிரிங் கட்டையை மேலே தள்ளும், எல்லாம் நிற்கும்.

ஒரு கோடையில் இந்த "டக்" ஆயிரக்கணக்கான தடவை நடக்கிறது. ஒவ்வொரு தடவையும் முனைகளுக்கு நடுவே சின்னதாக ஒரு தீப்பொறி. முனைகளின் மேலுள்ள வெள்ளிக் கலவை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னப்பட்டுக் குழிகுழியாகிறது. தேய்மானம் இயல்புதான். சீக்கிரம் தேய்ந்தால்தான் கேள்வி.

மூடியைத் திறக்கும் முன்

முதலில் தெர்மோஸ்டாட்டை ஆஃப் செய்யுங்கள். அடுத்து மெயின் பேனலில் ஏசிக்கான பிரேக்கர். கடைசியாக யூனிட் பக்கத்துச் சுவரில் இருக்கும் டிஸ்கனெக்ட் பெட்டியிலிருந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் செருகு கட்டையை உருவுங்கள். வரிசை முக்கியம். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கட்டையை உருவினால் கைப்பக்கம் தீப்பொறி அடிக்கும்.

பிறகு மல்டிமீட்டர். வீட்டுக்குள் ஒரு பிளக்கில் வைத்து மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள், அப்புறம் எல்1, எல்2 இடையிலும், ஒவ்வொன்றுக்கும் யூனிட்டின் உலோக உடம்புக்கும் இடையிலும் பாருங்கள். எல்லாமே பூஜ்யம் காட்ட வேண்டும். மீண்டும் பிளக்கில் ஒரு முறை. மீட்டர் செத்துப்போய்ப் பூஜ்யம் காட்டுவதும் மின்சாரம் இல்லாமல் பூஜ்யம் காட்டுவதும் பார்வைக்கு ஒன்றுதான், அதற்காகத்தான் இந்த மூன்று தடவை.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பல வீட்டு யூனிட்டுகளில் இருப்பது ஒற்றைப் போல் (சிங்கிள் போல்) காண்டாக்டர். ஒரு பக்கத்தை மட்டும்தான் அது துண்டிக்கும். மறுபக்கம் ஒரு பித்தளைப் பட்டை வழியாக நேராகப் போகிறது. யூனிட் ஓடாமல் நின்றிருந்தாலும் கம்ப்ரஸர் வயரில் 120 வோல்ட் உட்கார்ந்திருக்கும். "ஓடவில்லையே, கரண்ட் இருக்காது" என்று கையை வைத்தால் அடிக்கும்.

கம்ப்ரஸரும் விசிறியும் கிளம்பி ஓட உதவும் கெபாசிட்டரையும் (மின்தேக்கி) மறக்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் மிச்சம் இருக்கலாம். சி (பொது), ஹெர்ம் (கம்ப்ரஸர்), ஃபேன் (விசிறி) என்று மேலே மூன்று முனைகள் இருக்கும். ரப்பர் பிடியுள்ள கிளிப்பில் கோத்த ஒரு மின்தடையை சி-க்கும் ஹெர்முக்கும் இடையில், பிறகு சி-க்கும் ஃபேனுக்கும் இடையில் சில விநாடி வைத்து வடித்துவிட்டு, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கையை உள்ளே விடுவேன். இதெல்லாம் பழக்கமில்லை, மனதுக்குத் தயக்கமாக இருக்கிறது என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். கீழே உள்ளதைப் படித்திருந்தால் அவர் என்ன சொல்கிறார் என்பதாவது புரியும்.

உள்ளே காற்று வருகிறது, வெளி யூனிட் அசையவே இல்லை

முதலில் ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். பெரும்பாலான தெர்மோஸ்டாட்டுகள் கம்ப்ரஸர் நின்ற பிறகு சுமார் ஐந்து நிமிடத்துக்கு மறுபடி ஓட விடாது. அது கோளாறு இல்லை.

அப்புறமும் அசைவில்லை என்றால் பிரேக்கரைப் பாருங்கள். அடுத்து அட்டிக்கில் ஏர் ஹேண்ட்லருக்குக் கீழே உள்ள தட்டில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். வடிகுழாயில் பாசி அடைத்தால் மிதவை சுவிட்ச் மேலே எழும்பி 24 வோல்ட்டைத் துண்டித்துவிடும். கூரை நனைந்து இடிந்து விழாமல் இருக்க வைத்த ஏற்பாடு அது. இந்த ஊர் ஈரப்பதத்தில் அடிக்கடி நடக்கும். காண்டாக்டர் வாங்கிக்கொண்டு வந்த பிறகு தட்டில் தண்ணீரைக் கண்டுபிடித்தவர்களை எனக்குத் தெரியும்.

இதெல்லாம் சரி என்றால் காண்டாக்டரின் காயில் முனைகள் இரண்டிலும் மீட்டரை வைத்து, தெர்மோஸ்டாட் குளிர் கேட்கும்போது அளக்க வேண்டும். 240 வோல்ட் பக்கத்திலேயே இருக்கும் இடம் இது. பிரேக்கரை அணைத்த நிலையில் முதலை வாய் கிளிப்புகளைக் காயில் முனைகளில் மாட்டி, கையை வெளியே எடுத்துவிட்டு, பிறகு பிரேக்கரைப் போட்டு வெளியே நின்று படியுங்கள்.

24 முதல் 28 வோல்ட் வரை காட்டுகிறது, ஆனால் கட்டை இறங்கவில்லை. அப்படியானால் காயில் போய்விட்டது. உறுதிசெய்ய, மின்சாரத்தை நிறுத்தி, காயில் வயர் இரண்டையும் கழற்றி ஓம் அளவு பாருங்கள். நல்ல 24 வோல்ட் காயில் சுமார் 8 முதல் 20 ஓம் காட்டும். மீட்டர் எல்லையற்றது என்று காட்டினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. காண்டாக்டரை மாற்றுங்கள்.

24 வோல்ட் வரவே இல்லை. காண்டாக்டர் மேல் பழி போடாதீர்கள். கோளாறு அதற்கு முன்னால் எங்கோ இருக்கிறது: ஏர் ஹேண்ட்லர் போர்டில் கார் ஃபியூஸ் போல இருக்கும் 3 அல்லது 5 ஆம்பியர் ஃபியூஸ், மிதவை சுவிட்ச், கேஸ் அழுத்தத்தைப் பார்க்கும் சுவிட்ச், அல்லது புல்வெட்டும் எந்திரம் அறுத்துவிட்ட மெல்லிய தெர்மோஸ்டாட் வயர்.

கட்டை இறங்குகிறது, எதுவும் ஓடவில்லை

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். காயிலில் 26 வோல்ட் இருந்தது, கட்டையும் இறங்கியது, ஆனால் மின்சாரம் மறுபக்கம் போகவில்லை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தபோது முதலில் எனக்குப் புரியவில்லை. முனைகளுக்கு நடுவே காபித்தூள் மாதிரி பழுப்பாக ஏதோ அடைந்திருந்தது. பல் தேய்க்கும் பிரஷால் தட்டியதும் உதிர்ந்தது. அத்தனையும் எறும்பு. கருகியவை, நசுங்கியவை, ஒன்றன் மேல் ஒன்றாக. தீய்ந்த முடி நாற்றம்.

ஹூஸ்டன் பகுதியில் இது சர்வசாதாரணம். 2002இல் பாசடீனா அருகே டாம் ராஸ்பெரி என்ற பூச்சி ஒழிப்பாளர் கண்டதால் ராஸ்பெரி எறும்பு என்று பெயர் பெற்ற கிறுக்கு எறும்பு ஒன்று இங்கே பரவியிருக்கிறது. தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. நெருப்பெறும்புகளும் இதே வேலையைச் செய்யும். இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு எறும்பு ஷாக் அடித்துச் சாகும்போது ஆபத்து வாசனையை வெளியிடுகிறது. அதை மோந்துகொண்டு கூட்டம் வருகிறது, அவையும் சாகின்றன. கடைசியில் முனைகள் ஒன்றையொன்று தொட முடியாத அளவுக்குப் பிணக்குவியல்.

நான் அப்போது செய்த தப்பு, அதே திறந்த வகைக் காண்டாக்டரையே புதிதாகப் போட்டது. ஒன்பதாவது வாரம் மறுபடியும் எறும்பு. இரண்டாவது தடவை மூடிய வகையைப் போட்டேன், யூனிட்டைச் சுற்றித் தரையில் எறும்புத் தீனி மருந்தும் வைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு கோடை கடந்துவிட்டது. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: பெட்டிக்குள் பூச்சி ஸ்பிரே அடிக்காதீர்கள். தீப்பிடிக்கும் வாயு, முனைகளில் எண்ணெய்ப் பிசுக்கு, இரண்டுமே ஆபத்து.

எறும்பு இல்லை, முனைகள் கரிபிடித்துக் குழிவிழுந்திருக்கின்றன என்றால் உப்புக்காகிதம், அரம் எதையும் கொண்டு தேய்க்க வேண்டாம். வெள்ளிக் கலவைப் பூச்சு போய் அடியில் இருக்கும் உலோகம் வெளியே வந்தால் சூடு இன்னும் கூடும். மாற்றுவதுதான் வழி.

விசிறி ஓடுகிறது, கம்ப்ரஸர் மட்டும் "ம்ம்ம்" என்று சில விநாடி முனகிவிட்டு நிற்கிறது

பெரும்பாலும் கெபாசிட்டர். 45+5 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்தால் மீட்டரில் அதற்கு ஆறு சதவீதத்துக்குள் காட்ட வேண்டும், மிகவும் குறைந்திருந்தால் மாற்றுங்கள். பலவீனமான கெபாசிட்டர்தான் காண்டாக்டரையும் சீக்கிரம் கொல்கிறது. கம்ப்ரஸர் கிளம்பத் திணறும்போது வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு முனைகள் வழியாக இழுக்கப்படுகிறது.

கடகடவென்று அடித்துக்கொள்கிறது

இயந்திரத் துப்பாக்கி போல் கட்டை மேலும் கீழும் துடித்தால் உடனே தெர்மோஸ்டாட்டை அணையுங்கள். ஒவ்வொரு துடிப்பிலும் கம்ப்ரஸர் கிளம்பி நிற்கிறது, முனைகள் கண்ணெதிரே வேகின்றன.

காயிலுக்கு 24 வோல்ட் உறுதியாக வராததுதான் பொதுவான காரணம். வோல்ட் மிகவும் குறைந்தால் காந்தத்தால் கட்டையை முழுசாக இழுத்துப் பிடித்து வைக்க முடியாது. சுமை இல்லாத நேரத்தில் இந்த 24 வோல்ட்டைத் தரும் டிரான்ஸ்ஃபார்மர் 26 காட்டும், கட்டையை இழுக்கும் நொடியில் 17க்குச் சரியும். அதனால் இழுக்கிற சமயத்தில்தான் அளக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டின் பின்பக்கத் திருகு தளர்ந்திருக்கலாம். ஏர் ஹேண்ட்லரில் வயர்களை முறுக்கி மூடியிருக்கும் தொப்பிக்குள் துரு ஏறியிருக்கலாம். பேட்டரி தீர்ந்த தெர்மோஸ்டாட்டும் இப்படி ஆட்டும். புது ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் மாட்டிய வாரத்தில் இந்தச் சத்தம் தொடங்கியிருந்தால், சி வயர் (தெர்மோஸ்டாட்டுக்கு விடாமல் மின்சாரம் கிடைக்க உதவும் பொது வயர்) இணைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

துடிப்பு இல்லை, ஆனால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி ரீங்காரம் என்றால் காந்தத்தின் முகம் முகத்தோடு சரியாகப் படியவில்லை. நடுவே மண், துரு, செத்த பல்லி எதுவும் இருக்கலாம். காந்த முகத்தில் பதித்திருக்கும் செம்பு வளையம் உடைந்தாலும் இதே சத்தம்தான். சுத்தம் செய்து அடங்கவில்லை என்றால் மாற்றிவிடுங்கள்.

தெர்மோஸ்டாட்டை அணைத்தும் வெளி யூனிட் நிற்கவில்லை

இந்தப் பட்டியலிலேயே இதற்குத்தான் ஓட வேண்டும். உள்ளே விசிறி நின்றுவிட்டது, வெளியே கம்ப்ரஸர் ஓடுகிறது. உள்ளிருக்கும் குளிர்க் குழாய்கள் பனிக்கட்டியாக உறையும், ஆவியாகாத திரவம் கம்ப்ரஸருக்கே திரும்பி வந்து அதை உடைக்கும். 30 டாலர் சாமானுக்காக கம்ப்ரஸரை இழப்பது இப்படித்தான். பிரேக்கரை உடனே அணையுங்கள்.

பிறகு 24 வோல்ட்டும் நிற்கும்படி ஏர் ஹேண்ட்லரின் பிரேக்கரையும் அணைத்துவிட்டு, காண்டாக்டரின் கட்டையைப் பாருங்கள். மின்சாரமே இல்லாத நிலையிலும் கீழேயே ஒட்டிக்கொண்டிருந்தால் முனைகள் வெல்டிங் ஆகிவிட்டன. டக்கென்று மேலே வந்துவிட்டால், பெரும்பாலும் காண்டாக்டர் குற்றமற்றது. யாரோ அதற்கு 24 வோல்ட்டை விடாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்: தெர்மோஸ்டாட்டுக்குள் ஒட்டிய ரிலே, அல்லது சுவருக்குள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்ட வயர்கள்.

ஓம் மீட்டரில் சோதிப்பவர்கள் இங்கே ஏமாறுவதுண்டு. ஒற்றைப் போல் காண்டாக்டரில் பட்டை உள்ள பக்கம் எப்போதும் பூஜ்யம் ஓம்தான் காட்டும். அதைப் பார்த்து வெல்டிங் என்று முடிவுகட்டாதீர்கள். ஸ்பிரிங்கோடு அசையும் முனை உள்ள பக்கத்தில்தான் அளக்க வேண்டும்.

சின்ன ஃபியூஸ் போட்டதும் போகிறது

காயிலுக்கு வரும் வயரைக் காண்டாக்டரிலிருந்து கழற்றி, முனையை டேப் சுற்றிவிட்டுப் புது ஃபியூஸ் போடுங்கள். இப்போது ஃபியூஸ் நின்றால் காயில் ஷார்ட். அப்போதும் போனால் வயர் எங்கோ உரசி யூனிட்டின் உடம்பைத் தொடுகிறது. செம்புக் குழாயோடு சேர்த்துக் கட்டி வருகிற வயர், தகட்டு ஓட்டை வழியாக நுழையும் இடத்தில் தோல் உரிந்திருக்கும். 3 ஆம்பியருக்குப் பதில் 10 போட்டுப் பார்க்கும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள், டிரான்ஸ்ஃபார்மர் எரியும்.

எதை வாங்குவது

"பழசு 30 ஆம்பியர், நான் 40 போட்டு அப்கிரேடு பண்ணிட்டேன்" என்று பலரும் சொல்கிறார்கள். போடலாம், தப்பில்லை. ஆனால் எறும்பையோ குறைந்த வோல்ட்டையோ அது தீர்க்காது. யூனிட்டின் தகட்டில் ஆர்.எல்.ஏ. என்று கம்ப்ரஸரின் ஆம்பியர் எழுதியிருக்கும். எங்கள் வீட்டில் 18 சொச்சம், 30 ஆம்பியரே தாராளம். பழையதைவிடக் குறைந்த ஆம்பியர் மட்டும் வாங்கக் கூடாது.

மாறவே கூடாதது காயிலின் வோல்ட். 24 என்று பழையதின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும். கடையில் 120, 240 வோல்ட் காயிலும் அதே அளவில், அதே நிறத்தில் பக்கத்திலேயே தொங்கும்.

ஒற்றைப் போலிலிருந்து இரட்டைப் போலுக்கு மாறுவது உண்மையான மேம்பாடு. நிற்கும்போது இரண்டு பக்கமும் துண்டிக்கப்படும். ஒரு எச்சரிக்கை உண்டு. சில யூனிட்டுகளில் கம்ப்ரஸர் எண்ணெயைச் சூடாக வைக்கும் ஹீட்டர், காண்டாக்டரின் திறந்த முனைகளுக்குக் குறுக்கே கட்டப்பட்டு, பித்தளைப் பட்டையின் வழியாகத்தான் மின்சாரம் பெறுகிறது. இரட்டைப் போல் போட்டால் பட்டை இல்லை, ஹீட்டர் சத்தமில்லாமல் செத்துவிடும். மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் வயரிங் படத்தில் ஹீட்டர் இருக்கிறதா, எங்கே கட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எறும்பு உள்ள ஊரில் நான் காசு கூடக் கொடுப்பது முனைகள் மூடியிருக்கும் வகைக்குத்தான். எலக்ட்ரானிக் கட்டுப்பாடு உள்ளவையும் வருகின்றன. வோல்ட் குறைந்தால் இழுக்காமல் காத்திருக்கும், அடுத்தடுத்துக் கிளம்பவிடாமல் இடைவெளி விடும், நிலைமையைச் சொல்ல ஒரு விளக்கு இருக்கும்.

மாற்றும்போது

முதலில் நான்கு கோணத்தில் போட்டோ எடுங்கள். பழையதைத் திருகு கழற்றி வெளியே இழுத்துப் புதியதை அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு வயரைக் கழற்றி அதே இடத்தில் புதியதில் மாட்டுங்கள், பிறகு அடுத்தது. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் விசிறியின் வயர் எது, கம்ப்ரஸரின் வயர் எது என்று குழம்பும். சாதாரணக் காயிலில் 24 வோல்ட் வயர் இரண்டும் எந்தப் பக்கம் மாட்டினாலும் ஒன்றுதான். எலக்ட்ரானிக் வகையில் கூட வந்த தாளைப் பாருங்கள்.

செருகு முனை கறுத்திருந்தால், அல்லது செருகும்போது இறுக்கமே இல்லாமல் நழுவினால், அதை வெட்டிவிட்டுப் புது முனை அழுத்துங்கள். திருகும் முனைகளை நன்றாக இறுக்கிவிட்டு வயரைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பாருங்கள். தளர்ந்த முனை எவ்வளவு சூடாகும் என்பதற்கு ஒரு கணக்கு: அந்த இடத்தில் ஒரு வோல்ட் வீணானால், 18 ஆம்பியரில் 18 வாட் சூடு. கட்டைவிரல் அகல இடத்தில் சால்டரிங் அயர்ன் வைத்த மாதிரி. வயர் தோல் உருகியிருந்த யூனிட்டுகளில் நான் பார்த்தவரை காரணம் இதுதான்.

மூடியைப் போட்டு, டிஸ்கனெக்ட் கட்டையைச் செருகி, அப்புறம் பிரேக்கர், கடைசியில் தெர்மோஸ்டாட். கட்டையைச் செருகும்போது ஆன் என்ற எழுத்து நேராக இருக்கிறதா பாருங்கள், பல பெட்டிகளில் தலைகீழாகச் செருகினால் ஆஃப். கிளாம்ப் மீட்டர் இருந்தால், பத்து நிமிடம் ஓடிய பிறகு கம்ப்ரஸர் வயரில் ஆம்பியர் எவ்வளவு என்று பார்த்து ஆர்.எல்.ஏ.வோடு ஒப்பிடுங்கள். அதைத் தாண்டினால் கோளாறு இன்னும் உள்ளே இருக்கிறது. இதற்கு மேல் கேஸ் குழாய் பக்கம் கையை வைக்காதீர்கள், குளிர்பதன வாயுவைத் தொடும் வேலைக்கு இங்கே இ.பி.ஏ. 608 சான்றிதழ் வேண்டும்.

ஒரு வாரம் கழித்து மறுபடி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, திருகுகளை ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். சூடேறிக் குளிர்ந்ததில் கொஞ்சம் தளர்ந்திருக்கலாம். பழைய காண்டாக்டரைத் தூக்கி எறிவதற்கு முன் அதன் முனைகளையும் ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். எறும்பா, கரியா, உருகலா என்பதை அதிலேயே படித்துவிடலாம், அடுத்த கோடைக்கு முன் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும்.